மதுரைத் திட்டமும் மதுரைப் பள்ளிகளும்

1901-ம் வருஷத்தில் மதுரைக்கு வந்திருந்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், சொற்பொழிவுக்காகக் குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்று கேட்டாராம்; நகரத்தில் அவை அகப்படவில்லை என்பார்கள். சங்கம் வளர்த்த ஊருக்கு நேர்ந்த அந்த வெட்கந்தான் அவ்வருஷமே நான்காம் தமிழ்ச் சங்கமாகவும் பாண்டியன் புத்தகசாலையாகவும் உருவெடுத்தது.

97 வருஷங்களுக்குப் பின், 1998 பொங்கலன்று, ஸ்விட்ஜர்லாந்தில் வசித்த ரசாயன விஞ்ஞானி டாக்டர் கல்யாணசுந்தரம் வேறொரு மதுரையைத் தொடங்கினார். 'மதுரைத் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஒரு தேசத்திலுள்ள தொண்டர் பழந்தமிழ் நூலைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பார். வேறொரு தேசத்திலுள்ளவர் பிழை திருத்துவார். கூலி கிடையாது; நூலுக்கு விலையும் கிடையாது. அத்திட்டத்தின் வரிசையில் முதல் எண் பெற்றது திருக்குறளே. தேவர் தேடிய நூல் இன்று எந்தக் குக்கிராமத்திலும் கைக்கெட்டும்.

ஆனால் அம்மதுரையில் இம்மதுரைச் சீமைப் பிள்ளைகளுக்குப் பங்கென்ன? 2023-ல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நமக்குப் பெருமையே. எனினும் உசிலம்பட்டி மாணாக்கன் அங்கே செல்லப் பஸ் ஏற வேண்டும். அவன் பள்ளியிலோ புத்தகம் பீரோவிலும், கம்ப்யூட்டர் வேறோர் அறையிலும் பூட்டுண்டு கிடக்குமானால், அவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதே முதற்காரியம்.

பிற தேசத்துப் பிள்ளைகளுடன் பழக வேண்டுமென்று திரையில் முகங்காட்டி வணக்கம் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பத்து நிமிஷத்து வேடிக்கை. மலேயா நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. மேலூர்ப் பெண் தன் பாட்டியிடம் கேட்ட கதையை எழுதி அனுப்பட்டும். பினாங்குப் பையன் அதைத் திருத்தி, தன் தோட்டத்துக் கதையைப் பதிலுக்கு அனுப்பட்டும். இரண்டும் இரு பள்ளி நூலகங்களிலும் தங்கட்டும். ஒரே கட்டிடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் அபாயத்தை 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005-ல் ஈழத்து இளைஞர் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூல் தொகுப்பு, எஞ்சியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறது.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். பள்ளிதோறும் பொறுப்புள்ள நூலகர் ஒருவரும், வாரத்தில் ஒரு மணி நேரமும் வேண்டும். மேலூரில் காலை பத்து அடிக்கையில் பினாங்கில் பகல் பன்னிரண்டரை. இரண்டு பள்ளிகளும் நடக்கிற வேளை. கல்வி இலாகாவின் உத்தரவு ஒன்றே பாக்கி.