அப்பத்தாவை யார் பஸ் ஏத்துறது?

"எனக்கு எதுக்குய்யா ஆபரேசன்? இந்த வயசுல கண்ணு தெரிஞ்சு என்னத்தப் பாக்கப் போறேன்... போற வரைக்கும் இப்படியே ஓட்டிருவேன்!"

உங்க வீட்டு அப்பத்தாவும் இதே டயலாக்கைச் சொல்லியிருப்பாங்களே? வத்திராயிருப்பு பக்கத்து வ. புதுப்பட்டியோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ, ராஜபாளையமோ... திண்ணைதான் மாறும், வசனம் மாறாது. அதே தெருச் சுவத்துல 'இலவச கண் சிகிச்சை முகாம்' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மேலே ஆஸ்பத்திரி பேர், கீழே லயன்ஸ் கிளப் அல்லது ரோட்டரி கிளப் பேர். அதைத் தாண்டித்தான் தினமும் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறோம். நின்னு படிச்சிருக்கோமா?

சிகாகோ டூ மதுரை

ரோட்டரி 1905-லும், லயன்ஸ் 1917-லும் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பிறந்த சங்கங்கள். 1925-ல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் இல்லை, செவித்திறனும் இல்லை. 'பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற வேண்டும்' என்று அவர் கேட்டுக்கொள்ள, அன்றிலிருந்து கண் பாதுகாப்பு லயன்ஸின் முக்கிய வேலையாகிவிட்டது.

இங்கே மதுரையில் இன்னொரு மனிதர். டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன்கள் செய்தவர். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அங்கே உருவான பயிற்சி நிறுவனத்தின் பெயரே 'லயன்ஸ் அரவிந்த்' என்றுதான் ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு தோஸ்த்!

நீ பாதி, நான் பாதி

முகாமில் வேலை இரண்டாகப் பிரியும். டாக்டர், நர்ஸ், கருவிகள், ஆபரேஷன் எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. இடம் பிடிக்கிறது, நோட்டீஸ் அடிக்கிறது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊரா சொல்றது, வர்றவங்களை வரிசையில் உட்கார வைக்கிறது... இதெல்லாம் முகாமை நடத்துற கிளப் பொறுப்பு.

காலையில் பேர் பதிவு. அப்புறம் பார்வைச் சோதனை, கண் அழுத்தம், பிரஷர், சுகர். கண்ணாடி போதும்னா கண்ணாடி. கண்புரைன்னு டாக்டர் முடிவு பண்ணினா, அன்றைக்கே பஸ்ஸில் ஆஸ்பத்திரி. சாப்பாடு, தங்கல், ஆபரேஷன், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் எல்லாமே இலவசம். முன்னே வெளிநாட்டிலிருந்து வந்த அந்த லென்ஸை வாங்கறது ஏழைகளுக்குக் கனவு. 1992-ல் ஆரோலேப் இங்கேயே தயாரிக்க ஆரம்பிச்ச பிறகு விலை சரசரன்னு இறங்கிடுச்சு.

நூத்துக்கு ஏழு!

எல்லாம் ஃப்ரீ. அப்போ கூட்டம் அள்ளுமே? அங்கேதான் ட்விஸ்ட்! அரவிந்த் முகாம்கள் நடந்த கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. கண்ணில் பிரச்சினை இருந்தவங்களில் முகாமுக்கு வந்தது நூத்துக்கு ஏழு பேர்தான்!

ஏன்? பயம். வீட்டு வேலையை யார் பார்ப்பாங்கங்கிற கவலை. வைத்தியம் இலவசமானாலும் போக வரச் செலவு, போற கூலி. 'எப்படியோ சமாளிச்சுக்கிறேன்'ங்கிற மனசு. 'வயசானா இப்படித்தான்'ங்கிற நினைப்பு. முதல் பாராவில் அப்பத்தா சொன்னாங்களே, அதேதான்.

இந்தக் கவலையை மைக் செட் தீர்க்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேணும்.

நாம என்ன பண்ணலாம்?

கிளப்புன்னா கோட்டு போட்ட பெரியவங்க சமாச்சாரம்னு ஒதுங்காதீங்க. நம்ம வயசுக்குன்னே லியோ கிளப் 1957-லும், ரோட்டராக்ட் 1968-லும் ஆரம்பிச்சாச்சு. உங்க காலேஜில் இருக்கான்னு விசாரிங்க. இல்லைன்னா என்.எஸ்.எஸ். இருக்கு. எதுவுமே இல்லைன்னாலும் உங்க தெரு இருக்கே!

* முகாமுக்கு முதல் வாரமே தெருவில் கண் மங்கின பெரியவங்க யார் யார்னு ஒரு லிஸ்ட் போடுங்க.
* ஏற்கெனவே ஆபரேஷன் முடிச்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்ப் பேச வைங்க. அவர் பேச்சு எடுபடும்.
* சுகர், பிரஷர் மாத்திரைகளை மறக்காம பையில் போட்டு அனுப்புங்க.
* அவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டுக்குட்டி, பேரப்பிள்ளை, ரேஷன்... எல்லாத்துக்கும் நீங்க கேரண்டி கொடுங்க.
* மருந்து விடுறதும், மறுபடி செக்கப்புக்குப் போறதும் உங்க டியூட்டி.

எல்லாம் முடிஞ்சு கறுப்புக் கண்ணாடியோட அப்பத்தா வந்து இறங்கும்போது பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. உங்களை மேலும் கீழும் பார்த்துட்டு, "ஏய்யா... இப்படி இளைச்சுப் போயிட்ட?"ன்னு கேப்பாங்க பாருங்க...

அந்த ஒரு கேள்விக்காகவே அடுத்த முகாம் நோட்டீஸை நின்னு படிக்கலாம் பாஸ்!