ரத்தம் ரெடி... பரீட்சை ஆரம்பம்!

குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் பிரமாதமான 'ரத்தம்' தயார்! "இன்னும் கொஞ்சம் சிவப்பா வேணும் அக்கா" என்று கையை நீட்டுகிறாள் ஒரு சிறுமி. தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் டியூஷன் கூடம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலுதவி எவ்வளவு தெரியும் என்று இன்று மாலை தன்னார்வலர்கள் பார்த்துவிடப் போகிறார்கள். வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்!

முதல் ரகசியம் வினாத்தாளில் இருக்கிறது. 'தீக்காயத்தில் பற்பசை தடவலாமா?' என்று கேட்டால் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். தன்னார்வலர்கள் அதை அடித்துவிட்டு, 'சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. முதலில் என்ன செய்வாய்?' என்று மாற்றுகிறார்கள். உடனே வந்து விழுகின்றன நிஜப் பதில்கள்: பற்பசை, இங்க், மாவு! செய்ய வேண்டியது, குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது. "குழாயில தண்ணி வராட்டி என்ன செய்யிறது அக்கா?" என்கிறான் ஒரு பையன். அபாரமான கேள்வி! குடத்திலிருந்து செம்பு செம்பாக ஊற்றலாம் என்பது அங்கேயே பாடத்தில் சேர்கிறது.

அடுத்தது செய்முறை. கூடமே அமர்க்களப்படுகிறது! மூக்கில் ரத்தம் வடிவதாக ஒருத்தி நடிக்க, தோழி சட்டென்று அவள் தலையைப் பின்னால் சாய்க்கிறாள். தாளில் இதே கேள்விக்குச் சரியாக டிக் போட்டவள் அவள்தான்! முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மனசுக்குத் தெரிந்தது கைக்கு இன்னும் பழகவில்லை. பாம்புக்கடிக் காட்சியில் துப்பட்டாவோடு நாலு பேர் பாய்கிறார்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. அசையாமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியில் வருகிறது, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பழகுவதற்கான பொம்மை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். கூடமே சத்தமாக எண்ணுகிறது! 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரம் பள்ளிகளில் இதைக் கற்பிக்கும் திட்டத்தை 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் ஆதரித்திருக்கிறது.

பெயின்ட் வேலைக்கும் கூலி வேலைக்கும் பெரியவர்கள் போய்விடும் வீடுகளில், தம்பிக்கு அடிபட்டால் முதலில் ஓடி வருவது பள்ளிக்கூடம் போகும் அக்காதான். ஜூனியர் ரெட் கிராஸ் ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் முகாம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் இப்படியொரு சோதனை வையுங்கள். மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், கைகள் என்ன செய்கின்றன என்றும் பாருங்கள்!