ஏவுதளப் பொறியாளர்கள்

ஏவுதளப் பொறியாளர்கள் எனப்படுவோர், ராக்கெட்டை ஏவுதளத்தில் நிறுத்தி, எரிபொருள் நிரப்பி, கருவிகளைச் சோதித்து, அது புறப்படும் நொடி வரை அதற்குப் பொறுப்பேற்கும் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஆவர். மனிதரை ஏற்றிச் செல்லும் பயணங்களில் இவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தளத்திலேயே ராக்கெட் பழுதடைந்தால் உள்ளே இருப்போரை உயிருடன் மீட்பதே அக்கடமை ஆகும். யூரி ககாரின், ஆலன் செப்பர்டு, ராகேஷ் சர்மா ஆகியோரின் பெயர்களைப் பள்ளி மாணவரும் அறிவர். அவர்களை அனுப்பி வைத்தவர்களின் பெயர்களை அறிந்தோர் சிலரே. சோவியத் ஒன்றியத்தில் இப்பெயர்களுள் பல அரசு இரகசியமாகவே காக்கப்பட்டன.

வஸ்தோக் 1

1961 ஏப்ரல் 12 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் ககாரின் விண்கலத்தினுள் அமர்ந்து கதவு மூடப்பட்ட பின்னர், கதவு சரியாக மூடியதைக் காட்ட வேண்டிய குறிகாட்டி ஐயத்துக்கு இடமளித்தது. விண்கலத்தின் முன்னணி வடிவமைப்பாளர் ஒலெக் இவனோவ்ஸ்கியும் உடனிருந்த பணியாளர்களும் திருகாணிகள் அனைத்தையும் கழற்றிக் கதவைத் திறந்து, மீண்டும் பொருத்தினர். எரிபொருள் நிரப்பிய ராக்கெட்டின் உச்சியில், நேரம் எண்ணப்பட்டுக் கொண்டிருக்கையில் செய்த வேலை இது. இவனோவ்ஸ்கி பின்னாளில் தம் நினைவுகளை நூலாக எழுதியபோது சொந்தப் பெயரில் வெளியிட இயலவில்லை, புனைபெயரிலேயே வெளியிட்டார்.

ககாரினுடன் வானொலியில் 'விடியல்' எனப் பொருள்படும் சார்யா என்னும் அழைப்புப் பெயரில் பேசியவர் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கோரொலியோவ். இவரது பெயரும் உலகுக்குத் தெரியாது. 'தலைமை வடிவமைப்பாளர்' என்று மட்டுமே சோவியத் இதழ்கள் குறிப்பிட்டன. 1966 சனவரி 14 அன்று அவர் இறந்த பிறகே அவரது பெயரும் படமும் வெளியிடப்பட்டன.

10 சென்டிமீட்டர் பறப்பு

அமெரிக்காவில் பணியாளர் பெயர்கள் மறைக்கப்படவில்லை. அங்கு தோல்விகளும் பலர் அறியவே நிகழ்ந்தன. 1960 நவம்பர் 21 அன்று, ஆளில்லா மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1 ராக்கெட் சுமார் 10 செ.மீ. மட்டும் எழும்பி, இயந்திரம் அணைந்து, மீண்டும் தளத்தில் அமர்ந்தது. தரையையும் ராக்கெட்டையும் இணைத்த இரு மின்வடங்கள் பிரிய வேண்டிய வரிசையில் பிரியாமல், நொடியின் மிகச் சிறு பகுதி முன்பின்னாகப் பிரிந்ததே காரணம். பறப்பு முடிந்துவிட்டதாகக் கருதிய தானியங்கி அமைப்பு, தப்பிப்புக் கோபுரத்தை மட்டும் தனியே வானில் செலுத்தியது. பின்னர் விண்கூட்டின் வான்குடைகள் ஒவ்வொன்றாக வெளிவந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கின.

வேடிக்கையாகத் தோன்றினாலும் நிலைமை கடுமையானதாகவே இருந்தது. முழுவதும் எரிபொருள் நிரம்பிய ராக்கெட் பிடிப்பின்றி நின்றது. வான்குடையில் காற்று புகுந்தால் அது சாய்ந்து வெடிக்கக்கூடும். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் துளையிடலாம் என்ற யோசனை கூட எழுந்தது. பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. மின்கலங்கள் தாமாகவே வலுவிழக்கும் வரை இரவு முழுதும் காத்திருந்து, மறுநாள் காலையில்தான் ராக்கெட்டை அணுகினர். எதையும் செய்யாமல் காத்திருப்பதும் இத்தொழிலின் ஒரு திறமை என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

குந்தர் வெண்ட்

பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குந்தர் வெண்ட் (1923–2010), மக்டானல் நிறுவனத்தின் சார்பில் மெர்க்குரி, ஜெமினி பயணங்களுக்கு ஏவுதளத் தலைவராகப் பணியாற்றினார். விண்கலத்தின் கதவருகே அமைந்த 'வெள்ளை அறை'யில் அவரது அனுமதியின்றி யாரும் எதையும் தொட இயலாது. விண்வெளி வீரர் பூமியில் கடைசியாகக் காணும் முகம் பெரும்பாலும் இவருடையதே. அப்பல்லோ விண்கலத்தை வேறொரு நிறுவனம் தயாரித்ததால், அப்பல்லோ 1 பணியில் வெண்ட் இடம்பெறவில்லை. 1967 சனவரி 27 அன்று தளத்தில் நடந்த ஒத்திகையின்போது அவ்விண்கலத்தினுள் தீப்பற்றி கிரிசம், வைட், சாஃபி ஆகிய மூவரும் உயிரிழந்தனர். உள்ளே தூய ஆக்சிஜன் நிரம்பியிருந்தது; கதவோ உட்புறமாகத் திறப்பது. தளப் பணியாளர்கள் புகையினூடே கதவைத் திறப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்து அப்பல்லோ 7 இல் செல்லவிருந்த வால்லி ஷிரா, வெண்ட்டை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும் என வற்புறுத்தி அழைத்துக்கொண்டார்.

சோயூஸ் டி-10-1

இந்தியாவின் முதல் விண்வெளிப் பயணத்துடன் நெருங்கிய தொடர்புடைய நிகழ்வு இதுவாகும்.

1983 செப்டம்பர் 26 அன்று விளாதிமிர் தீத்தோவ், கெனாதி ஸ்திரெக்காலோவ் ஆகிய இருவரும் சல்யூத் 7 விண்வெளி நிலையத்துக்குப் புறப்படவிருந்தனர். ஏவுவதற்குச் சுமார் 90 விநாடிகள் இருக்கையில், வால்வு ஒன்று மூடாமல் எரிபொருள் கசிந்து ராக்கெட்டின் அடிப்பகுதியில் தீப்பற்றியது. விண்கலத்தின் சாளரங்கள் ராக்கெட்டின் மேலுறையால் மூடப்பட்டிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் தீயைக் காணவில்லை. தப்பிப்புக் கோபுரத்தை இயக்கும் விசையும் அவர்களிடம் இல்லை. அந்த ஆணை தரையிலிருந்தே செல்ல வேண்டும். அதற்கான மின்வடங்களோ தீயில் எரிந்துவிட்டன.

எஞ்சிய வழி வானொலி ஆணை மட்டுமே. தவறுதலாக இயங்குவதைத் தவிர்க்கும் பொருட்டு, வெவ்வேறு அறைகளில் இருக்கும் இருவர் 5 விநாடிகளுக்குள் தத்தம் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அந்த ஆணை செல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஏவுதலுக்குப் பொறுப்பேற்றிருந்த சூமிலினும், தொழில்நுட்பத் தலைவர் சொல்தத்தென்கோவும் நிலைமையை உணர்ந்து ஆணை பிறப்பித்தனர். தீ தெரிந்ததற்கும் கோபுரம் இயங்கியதற்கும் இடையே சில விநாடிகளே கழிந்தன. திண்ம எரிபொருள் பொறிகள் விண்கூட்டைத் தளத்திலிருந்து பிய்த்து எடுத்துச் சென்றன. வீரர்கள் 14 முதல் 17 மடங்கு ஈர்ப்பு விசையை உணர்ந்தனர். அடுத்த சில விநாடிகளில் ராக்கெட் வெடித்தது. விண்கூடு சுமார் 4 கி.மீ. தொலைவில் வான்குடையால் இறங்கியது. இருவரும் உயிர் பிழைத்தனர். ககாரின் புறப்பட்ட அதே தளம் பல மணி நேரம் எரிந்து சேதமடைந்தது. இவ்விபத்தின் விவரங்களைச் சோவியத் அரசு அக்காலத்தில் விரிவாக வெளியிடவில்லை.

ஆறு மாதங்களுக்குப் பின், 1984 ஏப்ரல் 3 அன்று, பைக்கனூரின் மற்றொரு தளமான 31 ஆம் தளத்திலிருந்து சோயூஸ் டி-11 புறப்பட்டது. அதில் யூரி மாலிஷெவ், ராகேஷ் சர்மா ஆகியோருடன் பயணப் பொறியாளராகச் சென்ற மூன்றாமவர் இதே ஸ்திரெக்காலோவ் ஆவார். தளத்தில் எரிந்ததும் ராகேஷ் சர்மாவை ஏற்றிச் சென்றதும் சோயூஸ் வகை ராக்கெட்டுகளே. செப்டம்பரில் அந்த இரு பொத்தான்களும் உரிய நேரத்தில் அழுத்தப்படாதிருந்தால், முதல் இந்தியரின் பயணம் அவ்வாறு, அந்த நாளில் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

இதே வகைத் தப்பிப்பு முறை 2018 அக்டோபர் 11 அன்று சோயூஸ் எம்எஸ்-10 புறப்பட்ட பின் வானில் பழுதடைந்தபோதும் இருவரைக் காத்தது.

இந்தியாவில்

தன் மண்ணிலிருந்து மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தப்பிப்பு அமைப்பையும் சோதித்தது. 2018 சூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் 12.6 டன் எடையுள்ள மாதிரி, ராக்கெட் ஏதுமின்றித் தளத்திலிருந்தே மேலெழுப்பப்பட்டது. 259 விநாடிகளில் சோதனை முடிந்தது. விண்கூடு கரையிலிருந்து 2.9 கி.மீ. தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. 1983 இல் தீத்தோவும் ஸ்திரெக்காலோவும் சிக்கிய நிலைக்கான சோதனையே இது எனலாம்.

பறக்கும்போது தப்பிக்கும் முறை 2023 அக்டோபர் 21 அன்று சோதிக்கப்பட்டது. புறப்பட 5 விநாடிகள் இருக்கையில் கணினி எண்ணிக்கையைத் தானாக நிறுத்தியது. பொறியாளர்கள் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து, காலை 10 மணிக்கு ராக்கெட்டை ஏவினர். சுமார் 12 கி.மீ. உயரத்தில் விண்கூடு பிரிந்து கடலில் இறங்கியது. கடற்படை அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது.

இராக்கெட்டின் இயந்திரங்களை மனிதப் பயணத்துக்கு ஏற்றவை எனச் சான்றளிக்கும் சோதனைகளில் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நடைபெற்றது. செயற்கைக்கோளை ஏவுவதற்குப் போதுமான இயந்திரமும் மனிதருக்குப் போதாது. குறிப்பிட்ட நேரத்தை விட நெடுநேரம் எரித்தும், அழுத்தத்தையும் எரிபொருள் விகிதத்தையும் மாற்றியும் அதன் எல்லையைக் காண வேண்டும். சி.இ.-20 கடுங்குளிர் இயந்திரம் 4 இயந்திரங்களில் 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரிக்கப்பட்டு 2024 பெப்ரவரியில் தகுதி பெற்றது. தேவைப்பட்ட குறைந்த அளவு 6,350 விநாடிகளே.

2025 சூனில் ககன்யான் வீரர்களுள் ஒருவரான சுபான்ஷு சுக்லா, அமெரிக்காவிலிருந்து ஆக்சியம்-4 பயணத்தில் புறப்படவிருந்தார். அதற்கான பால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அப்போது அங்கிருந்த இந்தியக் குழுவின் தலைவர், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த கடுங்குளிர் இயந்திர வல்லுநர் வி. நாராயணன். கசிவை முழுமையாகச் சரிசெய்து சோதித்த பின்னரே ஏவ வேண்டும் என்று தம் குழு வலியுறுத்தியதாக அவர் பின்னர் தெரிவித்தார். பயணம் தள்ளிவைக்கப்பட்டது. சுக்லா சூன் 25 அன்று புறப்பட்டு, சூலை 15 அன்று நலமாகத் திரும்பினார்.