சந்தனம் பூசினால் முடி வளருமா?

மொட்டை அடித்த தலையில் சந்தனம் குழைத்துப் பூசுவது நம் வழக்கம். அரூரை ஒட்டிய சித்தேரி மலையில் சந்தன மரம் தானாகவே வளர்வதால், தருமபுரி மாவட்டத்துக்கு அது அயலான பொருளே அல்ல. சந்தன மணத்தை உணரும் ஏற்பி மயிர்க்காலில் இருக்கிறது, அது முடி வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்று 2018இல் வெளிவந்த ஆய்வைக் கேட்டதும், முன்னோர் சொன்னது மெய்யாகிவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆய்வு உண்மையானது. ஆனால் அது சொல்வது வேறு.

மூக்கில் மணம் அறியும் ஏற்பிப் புரதங்களுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். அவற்றில் சில தோல் உள்ளிட்ட பிற உறுப்புகளிலும் இருப்பது பின்னர் தெரிந்தது. அங்கே அவை மணத்தை முகர்வதில்லை. பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டினால் செல்லுக்குள் ஒரு வேதி சமிக்ஞையைத் தொடங்கி வைக்கின்றன. 2018 ஆய்வில் ரால்ஃப் பவுஸ் குழுவினர் ஆராய்ந்தது மயிர்க்காலின் வெளியுறையில் உள்ள ஓஆர்2ஏடி4 என்ற ஏற்பியை. தானமாகப் பெற்ற உச்சந்தலைத் தோலின் மயிர்க்கால்களை ஆய்வகத்தில் வளர்த்து, சாண்டலோர் என்ற செயற்கைச் சந்தன மணப்பொருளைச் சேர்த்தபோது, முடி வளரும் பருவம் நீடித்தது. செல்கள் மடிவது குறைந்தது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி கூடியது. ஏற்பியைத் தடுக்கும் பொருளைச் சேர்த்ததும் அந்தப் பலன் மங்கியது. ஏற்பிதான் காரணம் என்பதற்கு இதுவே வலுவான சான்று.

செயற்கைச் சந்தனம் செய்வதை அசல் சந்தனம் செய்யாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூக்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மணம். ஏற்பிக்கோ மூலக்கூறின் வடிவமே கணக்கு. இதே ஏற்பியைத் தோல் செல்களில் சோதித்த 2014 ஆய்வில், சாண்டலோர் அதைத் தூண்டியது. இயற்கைச் சந்தனத்தின் மணப்பொருள் தூண்டவில்லை. மொட்டைக்குப் பின் முடி வளர்கிறதே என்றால், மழிக்கும் கத்தி தோலுக்கு அடியிலுள்ள வேரைத் தொடுவதில்லை. சந்தனம் பூசாத தலையிலும் முடி வளரத்தான் செய்யும். குளிர்ச்சிக்காகப் பூசுவதில் தவறில்லை. சாண்டலோரையும் இப்போதே மருந்தாகக் கொண்டாட முடியாது. சில நாட்கள் ஆய்வகத் தட்டில் தாக்குப்பிடித்த மயிர்க்கால், பல ஆண்டுகள் வளரும் தலைமுடிக்கு ஈடாகாது. வழுக்கைத் தலையில் முடி முளைத்ததாகவும் 2018 ஆய்வு காட்டவில்லை.

சந்தனத்தின் விலை இம்மாவட்டத்துக்குத் தந்த வேதனை சிறிதல்ல. 1992 ஜூனில் வாச்சாத்தி என்ற கிராமத்து மக்கள் மீது கொடுமை இழைக்கப்பட்டது சந்தனக் கடத்தல் தேடுதலின் பெயரில்தான். தவறான நம்பிக்கையால் அந்த மரத்துக்கு இன்னொரு கிராக்கி உருவாகக் கூடாது. முடி கொத்தாக உதிர்ந்தால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு உண்டா என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புட்டிக்குக் காசு கொடுக்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.