கையடக்கக் கோப்பித் திரிகை: தெரிவும் பயன்பாடும்



சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பிலே வீட்டுப் பாவனைப் பொருட்கள் பற்றிய பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அம்மி, உரல், ஆட்டுக்கல், திரிகை என்னும் நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதியதும், முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், திரிகை என்றால் என்ன?" என்று வினவினாள். வட்டமான இரண்டு கற்களை வரைந்தேன். மேற்கல்லில் ஒரு பிடியையும் வரைந்தேன். பிள்ளைகளின் முகங்களில் தெளிவு ஏற்படவில்லை. அவர்கள் பார்த்திராத ஒன்றைப் படத்தினால் மாத்திரம் எவ்வாறு விளக்குவது?

அப்போதுதான் எனது பையில் இருந்த கோப்பி அரைக்கும் சிறு கைக்கருவி நினைவுக்கு வந்தது. அதனை எடுத்துச் சில கோப்பிக் கொட்டைகளை இட்டு, அந்த மாணவியின் கையிலேயே கொடுத்தேன். அவள் பிடியைச் சுழற்றினாள். கொட்டைகள் நொறுங்கும் ஒலி கேட்டது. மணம் வகுப்பறை எங்கும் பரவியது. அடியில் இருந்த கிண்ணத்தில் தூள் விழுந்திருப்பதைக் கண்டதும், "இதுதான் திரிகை. கல்லுக்குப் பதிலாக உருக்கு இருக்கின்றது" என்றேன். மறுகணமே பாடம் விளங்கிவிட்டது.

அன்று முதல் பெற்றோர் பலர் அக்கருவியைப் பற்றி என்னிடம் விசாரிக்கின்றார்கள். எதை வாங்கலாம், எவ்வாறு பயன்படுத்துவது என்ற வினாக்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையளிப்பதிலும் பார்க்க, இம்மலரிலே எழுதிவைப்பது பயனுடையது எனக் கருதுகின்றேன்.

கையால் திரிப்பது ஏன்?

வறுத்த கோப்பிக் கொட்டையின் மணம் அதனுள்ளே சிறைப்பட்டிருக்கின்றது. கொட்டையை உடைத்த உடனேயே அது வெளியேறத் தொடங்குகின்றது. இதன் காரணத்தை எளிய கணிதத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்புகளைக் கூட்டினால் 60 சதுர சென்ரிமீற்றர் வரும். பொருள் அதே அளவுதான். காற்றுப்படும் பரப்போ பத்து மடங்கு. ஆதலால் முழுக்கொட்டை வாரக் கணக்கில் மணம் காக்க, தூளோ சில நாட்களிலேயே மணம் குன்றிவிடுகின்றது. தேவையானதைத் தேவையான வேளையில் திரிப்பதே சிறப்பு.

மின்சாரத்தால் இயங்கும் மலிவான அரைப்பான்கள் பல, உண்மையில் அரைப்பதில்லை. சுழலும் கத்தியினால் வெட்டுகின்றன. அவற்றின் தூளில் மாப்போன்ற பொடியும் பெரிய துண்டுகளும் கலந்திருக்கும். வெந்நீர் பட்டதும் பொடியிலிருந்து கைப்பு மிகுதியாக இறங்கும். பெரிய துண்டுகள் சாறு இறங்காமல் புளிப்பைத் தரும். ஒரே கோப்பையில் இரண்டு குறைகளும் சேர்ந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் வாழும் ஜேர்மனியில் அடுக்குமாடி வீடுகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி பேணுவது வழக்கம். அதிகாலை வேலைக்குச் செல்லும் நான் நான்கு மணிக்கு மின் அரைப்பானை இயக்கியபோது, கீழ்மாடியில் வசிப்பவர் கதவைத் தட்டினார். அவர் மீது குற்றமில்லை. கைத்திரிகையின் ஒலி சமையலறைக் கதவைத் தாண்டுவதில்லை. பையில் வைத்து வேலைத்தலத்துக்கும் கொண்டு செல்லலாம்.

சிறிது வரலாறு

பித்தளை உருளை வடிவான கைத்திரிகை துருக்கியரிடையே நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் செய்து புகழ்பெற்ற பிரான்சின் பெஜோ நிறுவனம், அவற்றுக்கு முன்னரே 1840ஆம் ஆண்டில் கோப்பித் திரிகை செய்யத் தொடங்கியது. ஜேர்மனியின் ஸாசன்ஹவுஸ் நிறுவனம் 1867இல் ஆரம்பிக்கப்பட்டது. இந்நாட்டு மூதாட்டிமார் முழங்கால்களுக்கிடையே இடுக்கிப் பிடித்துத் திரித்த மரப்பெட்டித் திரிகைகள் இன்றும் பழம்பொருட் சந்தைகளில் கிடைக்கின்றன. ட்றெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிற்றா பென்ற்ஸ் என்னும் இல்லத்தரசி 1908இல் தாள் வடிகட்டியை உருவாக்கியபின், தூளின் பருமன் இன்னும் முக்கியத்துவம் பெற்றது.

நமக்கும் கோப்பிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். தேயிலைக்கு முன்னர் இலங்கை ஒரு கோப்பி நாடாகவே விளங்கியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேதான் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் வளர்ந்தன. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அப்பயிரை அழித்த பின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

திரிகையின் உள்ளமைப்பு

ஊர்த் திரிகையில் கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். கோப்பித் திரிகையிலும் இரண்டு பாகங்களே உள்ளன. வெளியே பற்கள் கொண்ட வளையம் அசையாது நிற்கும். உள்ளே பற்கள் கொண்ட கூம்பு அச்சிலே சுழலும். மேற்புறம் இடைவெளி அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இருப்பதால், கொட்டை முதலில் உடைந்து, பின்னர் சிறிது சிறிதாக நுணுங்கி வெளியேறுகின்றது. கூம்பை உயர்த்தினால் இடைவெளி குறைந்து தூள் நுண்மையாகும், தாழ்த்தினால் பருமனாகும்.

பிடியின் தொழில் நெம்புகோலின் தொழிலாகும். பிடியின் நீளம் 15 சென்ரிமீற்றராகவும் கூம்பின் ஆரை 2 சென்ரிமீற்றராகவும் இருப்பின், 15ஐ 2ஆல் வகுக்க 7.5 வரும். அதாவது, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடின், நமது கை கொடுக்கும் விசையைப் போல ஏழரை மடங்கு விசை பற்களின் விளிம்பிலே கிடைக்கின்றது. பிடி மிகக் குறுகிய கருவிகள் கையை வருத்துவது இதனாலேயே.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, அரைக்கும் பற்கள் எதனால் ஆனவை என்பது. பீங்கான் பற்கள் துருப்பிடியா, நெடுநாள் தேயா, மலிவானவை. ஆயினும் அவை மெதுவாகவே அரைக்கும். விழுந்தாலோ கொட்டைகளுக்கிடையே கல் அகப்பட்டாலோ உடைந்துவிடும். நான் முதலில் வாங்கியது அத்தகையதே. நான்காம் மாதத்தில், கொட்டையோடு கலந்திருந்த சிறு கல்லொன்றினால் அதன் வளையம் பிளந்துபோயிற்று. அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய வீட்டில் வளர்ந்தவன், கோப்பியில் கல் பார்க்கத் தவறிவிட்டேன். உருக்குப் பற்கள் கூர்மையானவை, விரைவாக வெட்டுபவை, ஆனால் ஈரத்துக்கு அஞ்சுபவை. நாள்தோறும் திரிப்பவர்களுக்கு உருக்கே ஏற்றது.

இரண்டாவது, அச்சின் உறுதி. துவிச்சக்கரவண்டிச் சில்லின் அச்சில் உள்ளது போன்ற பெயரிங் இரண்டு, அச்சை மேலும் கீழும் தாங்க வேண்டும். கடையில் பிடியை இலேசாக அசைத்துப் பாருங்கள். அச்சு ஆடுமாயின் இடைவெளி ஒரு புறம் கூடியும் மறுபுறம் குறைந்தும் போகும். தூள் ஒரு சீராக வராது.

மூன்றாவது, பருமனை மாற்றும் அமைப்பு. திருகும்போது "டிக், டிக்" என்று படிப்படியாக நிற்கும் திருகி சிறந்தது. எண்ணி வைத்துக்கொண்டால் மறுநாளும் அதே பருமனைப் பெறலாம்.

நான்காவது, கொள்ளளவு. ஒரு பெரிய கோப்பைக்கு ஏறக்குறைய 15 கிராம் கொட்டை வேண்டும். கையடக்கத் திரிகைகள் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் வரை கொள்ளும். ஆறுபேர் கொண்ட குடும்பத்துக்கு இது போதாது என்பதை முன்னரே உணர்ந்துகொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 30 யூரோவுக்கும் திரிகை உண்டு. 250 யூரோவுக்கு மேலும் உண்டு. தாள் வடிகட்டியில் கோப்பி தயாரிப்பவர்களுக்கு நடுத்தர விலையிலுள்ள, உருக்குப் பற்களும் இரண்டு தாங்கிகளும் கொண்ட திரிகை போதுமானது. அதிக விலை கொடுப்பதனால் கிடைப்பது பெரும்பாலும் நுண்மையிலே துல்லியமும் விரைவுமே. பிள்ளைகளின் புத்தகச் செலவைக் குறைத்து வாங்க வேண்டிய பொருள் அன்று இது.

பயன்படுத்தும் முறை

முதலில் சுழியத்தைக் கண்டுபிடியுங்கள். கொட்டை இடாமல், திருகியை நுண்மைப் பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டு செல்ல, பற்கள் ஒன்றோடொன்று தொட்டுப் பிடி நின்றுவிடும். அவ்விடமே சுழியம். வலிந்து இறுக்கலாகாது. அங்கிருந்து படிகளை எண்ணிப் பின்னோக்கித் திருப்புங்கள். படிகளின் எண்ணிக்கை கருவிக்குக் கருவி வேறுபடும். ஆதலால் எண்ணை நம்பாது, தூளை விரல்களுக்கிடையே உரசிப் பாருங்கள்.

துருக்கிக் கோப்பிக்கு அரிசிமாவைப் போல மிக நுண்மையாக வேண்டும். அடுப்பில் வைக்கும் இத்தாலியக் கோப்பிப் பானைக்கு மேசை உப்பைப் போல இருக்கட்டும். தாள் வடிகட்டிக்குச் சீனியின் பருமன் ஏற்றது. தூளை நீரில் நான்கு நிமிடம் ஊறவிட்டு அழுத்தி எடுக்கும் பாத்திரத்துக்கு அரிசிக் குறுணலைப் போன்ற பருமன் தகும். நீரும் தூளும் சேர்ந்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூளின் பருமனும் கூட வேண்டும் என்பதே இதன் பொது விதி.

15 கிராம் கொட்டைக்கு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் நீர் கொள்ளலாம். திரிப்பதற்கு முன், கரண்டிக் காம்பை நீரில் நனைத்து உதறி, அதனால் கொட்டைகளை ஒருமுறை கலக்கிவிடுங்கள். உராய்வினால் துணிக்கைகள் மின்னேற்றம் பெற்றுக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்வதை அந்தத் துளியளவு ஈரம் வெகுவாகக் குறைத்துவிடும். இந்தக் கைமுறைக்கு அறிவியல் விளக்கம் உண்டென்பதை அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

திரிகையை ஒரு கையால் உடலோடு அணைத்துப் பிடித்து, மறு கையால் ஒரே சீராகச் சுழற்றுங்கள். இளவறுப்புக் கொட்டை கடினமானது. கருவறுப்பு இலகுவில் நொறுங்கும். பிடி கனத்தால் திரிகையைச் சற்றுச் சரித்துப் பிடியுங்கள். கொட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே செல்லும். நல்ல உருக்குத் திரிகையில் ஒரு நிமிடம் போதும். சிறிய பீங்கான் திரிகையில் இரண்டு மூன்று நிமிடம் செல்லலாம்.

பின்னர் நாவே ஆசிரியர். கோப்பி நீர்த்தும் புளித்தும் இருந்தால் மறுநாள் ஒரு படி நுண்மையாக்குங்கள். கைப்பு மிகுந்தால் ஒரு படி பருமனாக்குங்கள். ஒருநாளில் ஒரு மாற்றம் மாத்திரமே செய்ய வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என அறிய முடியாது. இது விஞ்ஞானப் பரிசோதனைக்கும் பொருந்தும் விதி.

பேணும் முறை

உருக்குப் பற்களை நீரில் கழுவுதல் கூடாது. வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கும்போது, பாகங்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு துணியில் வரிசையாக அடுக்குங்கள்; மீண்டும் பூட்டுவது எளிதாகும். சுத்தம் செய்வதாக எண்ணிப் பச்சை அரிசியை இட்டுத் திரிக்க வேண்டாம். அது பற்களையும் அச்சையும் வருத்தும்.

மல்லிக் கோப்பி

இனி, நம்மவர் பலர் கேட்கும் வினாவுக்கு வருகின்றேன். ஊரிலே கோப்பிக் கொட்டையையும் மல்லியையும் சேர்த்து வறுத்து, உரலில் இட்டு இடித்து, அரிதட்டில் அரித்தெடுப்பது வழக்கம். அந்தத் தூளை இத்திரிகையில் செய்யலாமா?

நான் செய்து பார்த்தேன். மல்லியின் கோதும் எண்ணெய்த் தன்மையும் பற்களிடையே அப்பிக்கொண்டன. மூன்று முறை துடைத்த பின்பும் மறுநாட் கோப்பியில் மல்லி மணத்தது. ஆதலால் நல்ல திரிகையில் மல்லியோ மிளகோ இடாதீர்கள். பழம்பொருட் சந்தையில் ஒரு மரப்பெட்டித் திரிகையைக் குறைந்த விலைக்கு வாங்கி, மல்லிக் கோப்பிக்கென்றே ஒதுக்கியுள்ளேன். பல்லிடை அகன்ற அப்பழைய திரிகைக்கு அது பொருந்துகின்றது. உரலில் இடித்த தூளின் சுவை முழுமையாக வந்ததென்று சொல்லமாட்டேன், அண்மித்து வந்தது.

"மல்லி வாசம் எழும்பினாப் பிறகுதான் சட்டியை இறக்க வேணும்" என்று என் தாயார் சொல்லுவார். 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்றபோது, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தையும் வீட்டு முற்றத்தில் நின்ற உரலையும் திரிகையையும் விட்டுச் சென்றோம். அவற்றைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. தாயாரும் இப்போது இல்லை. ஆனால் சட்டியை எப்போது இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை என் மகளுக்கும் காட்டியிருக்கின்றேன். கல்லைச் சுமக்க முடியாதவர்கள் சொல்லையும் செய்முறையையும் சுமக்கலாம்.

மாணவர்களே! சிறுவர்கள் கோப்பி அருந்த வேண்டியதில்லை. ஆனால் தாய் தந்தையருக்குத் திரித்துக் கொடுக்கலாம். உரலில் இடிப்போம்; அம்மியில் அரைப்போம்; ஆட்டுக்கல்லில் ஆட்டுவோம்; திரிகையில் திரிப்போம். நான்கு கருவிகளுக்கும் நான்கு வினைச்சொற்களை நம் மொழி வைத்திருக்கின்றது. உங்கள் வீட்டு மின்கருவி எதைச் செய்கின்றது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வாருங்கள். விழா நாளன்று எனது இரண்டு திரிகைகளும் சிற்றுண்டி மேசையில் இருக்கும். விரும்பியவர்கள் சுழற்றிப் பார்க்கலாம்.