பூஞ்சை தின்னும் பரம்பரை

அந்துப்பூச்சியின் புழு என்றதும் ஓட்டை விழுந்த இலைதான் நினைவுக்கு வரும். டிரையடாலா பேரினத்துப் புழுவுக்கு இலை வேண்டாம், பூஞ்சை போதும். ஐரோப்பாவில் ஒயினும் விஸ்கியும் முதிர வைக்கும் கிடங்குகளின் சுவர்களில் பூஞ்சை கறுப்பாகப் படரும். அதைத் தின்றே வளர்கிறது டிரையடாலா பாக்டோலியா. சிறகை விரித்தால் சுமார் 1 செ.மீ. இந்தப் பேரினத்தை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பது தெளிவாக 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1893-ல் இதற்குப் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரியில் ஆசிரியர். 14,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களை விவரித்தவர். சிறகு நரம்புகளையே அவர் நம்பினார். இனப்பெருக்க உறுப்புகளை வைத்து வகை பிரிப்பதை ஏற்கவில்லை. டிரையடாலாவின் முக்கிய அடையாளமோ அங்கேதான் இருந்தது. பெரும்பாலான பூச்சிகளில் ஆண் உறுப்பின் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும். டிரையடாலா ஆணுக்கு இரண்டும் வெவ்வேறு வடிவம். வயிற்று நுனியைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் அது தெரியும்.

இந்தப் பேரினத்தின் இன்னொரு சிற்றினம் முதலில் வேறிடத்துக்குப் போனது. ஹவாயில் கிடைத்து, 1910-ல் ஆகஸ்ட் பஸ்க் விவரித்த 'நடன அந்து' உட்கார்ந்த இடத்திலேயே வட்டமடித்துச் சுழலும். அவர் அதை வேறொரு பேரினத்தில் வைத்தார்; பின்னாளில்தான் அது டிரையடாலாவுக்கு வந்து சேர்ந்தது.

பேரினம் முழுவதும் டினைடே குடும்பத்துக்குள் இருந்தது. துணி அரிக்கும் அந்தின் குடும்பம் அது. நம் வீட்டுச் சுவரில் இரு முனையும் திறந்த தட்டையான சாம்பல் நிறக் கூட்டை இழுத்தபடி ஊரும் புழுவும் அதில்தான் சேரும். தலையில் சிலிர்த்து நிற்கும் செதில்கள் போன்றவை அந்தக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் அவை மிகப் பழைய முன்னோரிடமிருந்து வந்தவை. கொள்ளுத்தாத்தாவின் மூக்கு வாய்த்த இருவர் உடன்பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே!

ஜெரோம் ரேகியர், சார்லஸ் மிட்டர், டொனால்ட் டேவிஸ் உள்ளிட்டோர் மரபணுக்களை ஒப்பிட்டு 2015-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சில சிற்றினங்களில் 19 மரபணுக்கள்வரை பார்த்தார்கள். டிரையடாலா துணி அந்துகளோடு சேரவில்லை. டிரையடாலிடே என்ற தனிக் குடும்பமானது.

இது வெறும் பெயர் மாற்றமல்ல. டைட்ரிசியா என்ற பெரும் பிரிவில் 1,50,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளில் 98 சதவீதம் அவைதாம். பட்டுப்பூச்சியும் அதில் அடக்கம். அந்தப் பிரிவின் பரிணாம மரத்தில் அடிக்கிளைகளில் இருப்பவை, டிரையடாலாவைப் போல, பூஞ்சையும் மக்கும் பொருளும் தின்பவை. ஆகவே தாவரம் தின்றுவந்த மூதாதைகளிலிருந்து பிரிந்த ஆதி டைட்ரிசியா பூஞ்சைக்கும் மக்கலுக்கும் மாறியது, பிறகே அதன் சந்ததிகள் இலைக்குத் திரும்பின என்கிறது இந்த ஆய்வு. பூஞ்சை அந்துகளைச் சரியான இடத்தில் வைக்காமல் இந்த வரலாறு புலப்பட்டிருக்காது.

வகைப்பாட்டியலுக்கு ஆள் எடுப்பதையும் பூச்சிச் சேகரிப்புகளைக் காப்பதையும் வீண்செலவாகப் பார்க்கும் போக்கு மாற வேண்டும். மெய்ரிக்கின் மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரபணு எதைச் சொன்னாலும், எந்தப் பெயர் எந்தப் பூச்சிக்கு உரியது என்று சரிபார்க்க அந்த மாதிரிகளிடம்தான் போயாக வேண்டும்.