இளமையில் கைப்பழக்கம் – 9: இலையும் மேசையும்

சின்னாளப்பட்டிச் சுங்குடியில் முடிச்சிடும் விரல்களைப் பற்றிச் சென்ற இதழில் பேசினோம். உண்ண வருகிற ஒருவருக்காக இலையையோ மேசையையோ ஒழுங்கு செய்யும் கலையையும், அக்கலையில் இளம் பருவத்தினருக்குப் போட்டி வைக்கும் வழக்கத்தையும், அதற்கு நம் திண்டுக்கல் சீமைப் பிள்ளைகள் ஆயத்தமாக வேண்டிய முறையையும் இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். சோறு போடுவதற்கும் ஒரு பரீட்சையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாயாரும் பாட்டியும் செய்வதைத் தினந்தோறும் பார்த்து வளரும் குழந்தை அதைத் தானாகவே கற்றுக்கொண்டுவிடும் என்ற நம்பிக்கை, கூட்டுக் குடும்பங்கள் கலைந்து, கல்யாணப் பந்தியும் கூலிக்கு அமர்த்தப்பட்ட பரிசாரகர்களின் பொறுப்பாகிவிட்ட இக்காலத்தில் செல்லுபடியாவதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய போட்டி ஒரு நிலையான வடிவம் பெற்றிருப்பது அமெரிக்காவில். 1902-ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் பள்ளிக் கண்காணிப்பாளராயிருந்த ஏ.பி. கிரகாம் என்பவர் கிராமத்துச் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு விவசாயக் கழகம் தொடங்கினார். அது போன்ற கழகங்கள் நாடெங்கும் பெருகி, தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் குறிக்கும் நாலிதழ்த் தழையைச் சின்னமாகக் கொண்ட 'ஃபோர்-எச்' என்ற பேரியக்கமாக வளர்ந்தன. அவ்வியக்கத்தார் மாவட்டச் சந்தை விழாக்களில் கன்று வளர்ப்புக்கும் தையலுக்கும் பரிசு கொடுப்பதோடு, மேசை அலங்காரத்துக்கும் பரிசு கொடுக்கிறார்கள். போட்டியிடும் பிள்ளை ஒரு சிறிய மேசையில் ஓரிருவர் அமர்ந்து உண்பதற்கான ஏற்பாட்டைச் செய்து, நடுவில் ஓர் அலங்காரப் பொருளை வைத்து, பரிமாறப்படும் வரிசையில் உணவுப் பட்டியலை எழுதி நிறுத்திவிட்டு, நடுவரின் கேள்விகளுக்கு நின்று விடை சொல்ல வேண்டும். பெரும்பாலும் உணவு மேசைக்கு வருவதே இல்லை. பட்டியலை மட்டும் கொண்டு, வரப்போகும் விருந்தாளியை மனத்தில் உட்காரவைத்துப் பார்க்கும் சக்திக்கே அங்கே பரீட்சை நடக்கிறது.

அந்தப் பரீட்சையில் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பட்டியலில் சூப் இல்லாதிருக்கையில் சூப் கரண்டியை வைத்துவிடுவது. அல்லது இறைச்சியை அறுக்க வேண்டியிருக்கையில் கத்தியை மறந்துவிடுவது. மேசை அழகாயிருக்கிறது, ஆனால் அந்த உணவுக்குரிய மேசையாக இல்லை. தட்டின் இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி, அதன் கூர்முனை தட்டை நோக்கி, அதற்கப்பால் கரண்டி. முதலில் எடுக்க வேண்டியது வெளி ஓரத்தில், கடைசியில் எடுக்க வேண்டியது தட்டை ஒட்டி. எல்லாவற்றின் அடிக்காம்பும் மேசை விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே ஒரே கோட்டில். தண்ணீர்க் கோப்பை கத்தி முனைக்கு நேர் மேலே. இவற்றை மனப்பாடம் செய்கிற பிள்ளை நடுவரின் முதல் கேள்வியிலேயே திகைத்துவிடும். அறுக்கும் வேலை வலக்கையுடையது, ஆகையால் கத்தி அங்கே இருக்கிறது, அதே கை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை எடுக்கப் போகிறது, ஆகையால் கோப்பையும் அங்கே இருக்கிறது என்று காரணத்தோடு அறிந்த பிள்ளைக்கு மறதி வந்தாலும் கை தானே சரியான இடத்துக்குப் போகும்.

இதே நியாயத்தை நம் வாழை இலைக்கு வைத்துப் பாருங்கள். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கமும் அகன்ற அடி வலப்பக்கமும் இருக்க வேண்டும் என்ற நியமத்தைச் சாஸ்திரமென்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டத் தேவையில்லை. வலக்கையால் உண்பவருக்குப் பிசையவும் ஒதுக்கவும் விசாலமான இடம் வலப்பக்கம் வேண்டியிருக்கிறது, எப்போதாவது தொடுகிற உப்புக்கும் ஊறுகாய்க்கும் இடப்பக்கத்துக் குறுகிய மூலை போதும். நடு நரம்புக்கு அப்பால் உள்ள மேற்பாதி கறி, கூட்டு, பச்சடி வகைகளுக்கு. தம்மருகேயுள்ள கீழ்ப்பாதி அன்னத்துக்கு. தண்ணீர்க் குவளையை இலையின் தலைமாட்டில் இடப்பக்கமாக வைக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. வலக்கை சோற்றில் இருக்க, குடிக்க ஓய்வாயிருப்பது இடக்கை. மேனாட்டு மேசையில் வலப்பக்கம் நிற்கிற குவளை நம் இலையில் இடப்பக்கம் மாறுகிறது. இரண்டையும் தீர்மானிப்பது எந்தக் கை அப்போது ஓய்வாயிருக்கிறது என்ற ஒரே விஷயம்தான். இந்தப் போட்டிக்குப் பயிலும் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டுவிட்டால் மற்ற விதிகளை அதனிடமிருந்தே வருவித்துக்கொள்ளலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பரிமாறக் கற்கும் பிள்ளைக்கு இலையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அவன் நிற்பது உண்பவருக்கு எதிர்ப்புறம். உண்பவரின் இடம் அவனுக்கு வலம். உண்பவருக்கு மேல்மூலையாயிருப்பது அவனுக்குக் காலடியில் இருக்கிறது. உப்பு அவன் வலக்கைக்கு மிக அருகில் விழ, அன்னத்தை வைக்க மட்டும் குனிந்து கைநீட்ட வேண்டியிருக்கிறது. வாளி இடக்கையில், கரண்டி வலக்கையில், கரண்டியிலிருந்து சொட்டுவது அடுத்தவர் இலையில் விழாமல், கரண்டி இலையைத் தொடாமல், வரிசை நெடுக ஒரே அளவாக இட்டுச் செல்வது ஒரே நாளில் வருகிற காரியமல்ல. ஆகவே முதல் வாரம் வெறும் இலையோடு பழகட்டும்: தரையில் ஒரு கயிற்றை நேராகக் கட்டி, எட்டு இலைகளின் கீழ் ஓரமும் அந்தக் கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி போட்டுப் பார்க்கட்டும். நுனி இலையை வீணாக்க வேண்டாம், விலை மலிந்த ஏடுகளே இதற்குப் போதும். அடுத்த வாரம் பொரியையும் புளியங்கொட்டையையும் கறி, சோறாகப் பாவித்து எதிர்ப்புறம் நின்று பரிமாறட்டும். உண்மையான சாப்பாட்டை எடுப்பது மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து. "ஏம்மா, பருப்பு போடுமுன்னே நெய்யைக் கொண்டாந்துட்டே?" என்று பாட்டி கேட்கும் கேள்விக்கு மரியாதையோடு காரணம் சொல்லத் தெரிந்த பெண், எந்த நடுவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இலையைத் தேர்வதும் போட்டியின் ஒரு பகுதியே. இலைக்கென்று நம் விவசாயிகள் அதிகம் நம்புவது பூவன் வாழையை. ஆடிக் காற்றில் தோட்டத்து இலைகள் நார்நாராய்க் கிழிந்துபோகும்; அம்மாதத்தில் போட்டி வைப்பவர்கள் பிள்ளைகளைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு காற்றைச் சோதிக்கிறார்கள். அறுத்த இலையை ஈரச் சாக்குக்கடியில் நிழலில் வைத்திருந்து, முதுகில் நரம்பு தடித்த இடத்தை லேசாகச் சீவிவிட்டால் இலை தரையில் படிந்து கிடக்கும். தண்ணீர் தெளித்துத் துடைத்த பின் ஈரம் தேங்கியிருக்கக் கூடாது.

உணவுப் பட்டியலை எழுதும்போது நம் பிள்ளைகள் பட்டணத்து ஹோட்டல் அட்டையைப் பார்த்து எழுதுகிறார்கள், அது வேண்டாம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அன்று என்ன வந்திருக்கிறதோ அதிலிருந்து பட்டியல் பிறக்கட்டும். முருங்கைக்காய்ச் சாம்பாரும் அவரைப் பொரியலும் தைமாதத்தில் மொச்சைக் குழம்பும், முடிவில் சிறுமலைப் பழமோ விருப்பாட்சிப் பழமோ ஒன்றும் போதும். அவ்விரு மலைவாழைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைப் பற்றி நடுவர் கேட்டால் சொல்லப் பிள்ளைக்கு விஷயமும் இருக்கும். மேசை போடும் போட்டியானால் விரிப்புக்குச் சுங்குடித் துணியே உகந்தது. நடுவில் வைக்கும் பூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நிலக்கோட்டை மல்லிகை நம் பெருமைதான், ஆனால் அதன் வாசனை ரசத்தின் வாசனையை அடித்துவிடும். மணம் மிகாத செவ்வந்தியோ கோழிக்கொண்டையோ, எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் மறைவின்றிப் பார்க்கத்தக்க உயரத்தில் இருந்தால் நல்லது.

பள்ளியைத் தாண்டிய பருவத்தில் இந்தத் திறமைக்கு உலக அரங்கும் ஒன்று இருக்கிறது. 1950-இல் மாட்ரிட் நகரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பன்னிரண்டு பன்னிரண்டு இளைஞர்களை இறக்கி நடத்திய தொழிற்போட்டி வளர்ந்து, இன்று 'வேர்ல்டு ஸ்கில்ஸ்' என்ற பெயரில் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. அதில் தச்சுக்கும் பற்றவைப்புக்கும் சமமாக உணவக உபசரிப்பும் ஒரு பிரிவு. பெரும்பாலான பிரிவுகளைப் போல இதிலும் போட்டியாண்டில் 22 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அளவுகோல் கொண்டு அளக்கத்தக்கவற்றுக்குத் தனி மதிப்பெண், நடுவரின் தீர்ப்புக்குரியவற்றுக்குத் தனி மதிப்பெண். 2024 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் இந்தியா பெற்ற 4 வெண்கலப் பதக்கங்களில் இரண்டு, பேஸ்ட்ரி தயாரிப்புக்கும் ஹோட்டல் வரவேற்புக்கும் கிடைத்தவை. விருந்தினரைப் பேணுவது படிப்பு ஏறாதவர்களின் பிழைப்பு என்று நம்மிடையே நிலவும் எண்ணத்தைக் கைவிட இதுவே போதிய காரணம்.

ஆனால் அளவுகோலால் அளக்க முடியாத ஒன்று இலை போடுவதில் இருக்கிறது. யாரை எங்கே உட்காரவைப்பது என்பதே அது. நம் தேசத்தில் பந்தி வரிசை நெடுங்காலமாக மரியாதையின் சின்னமாக மட்டுமல்ல, அவமரியாதையின் சின்னமாகவும் இருந்து வந்திருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்ட விவகாரம் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய குரலின் எதிரொலி இந்நாட்டு அரசியலில் இன்றளவும் கேட்கிறது. தேசபக்தியும் தியாகமும் நிறைந்த ஒருவர் நடத்திய ஸ்தாபனத்திலேயே இரண்டு இலைகள் வேறிடத்தில் விழுந்ததால் எவ்வளவு காயம் உண்டாயிற்று என்பதை எண்ணும்போது, இலை போடுவதை அற்பக் காரியமென்று யாராலும் தள்ள முடியாது.

நம் திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், கைவேலையைக் கல்வியின் புறத்தே வைக்காமல் கல்வியின் வாயிலாகவே வைத்த ஆதாரக் கல்வியின் வழியில் பிறந்த ஸ்தாபனம். 1937-ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த அக்கல்வியில் துடைப்பமும் ராட்டையும் சமையற்கட்டும் பாடப் புத்தகத்துக்குச் சமானம். பெருஞ்செல்வர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்து, இளமையில் கணவரை இழந்து, மருத்துவம் பயின்று, சாதி எல்லையைக் கடந்து மறுமணம் புரிந்துகொண்ட சௌந்தரம் அம்மையார், 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அத்தகையவர் உழைத்த மண்ணில் இலை போடும் போட்டி ஒன்றை நடத்தினால், பிறப்பு பாராமல் எல்லா இலைகளும் ஒரே வரிசையில், ஒரே அளவில், ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதே அதன் முதல் விதியாக இருக்க வேண்டாமா?

இரண்டாம் விதியாக ஆண் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். கல்யாணப் பந்தியில் வாளி தூக்கிப் பரிமாறுபவர் ஆண், வீட்டில் தட்டெடுத்து வைப்பவள் பெண் என்ற விசித்திரப் பிரிவினையை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். பந்தியில் வெட்கமில்லாத வேலை வீட்டில் மட்டும் ஏன் வெட்கமாக வேண்டும்? மூன்று மூன்று பேராகக் குழு அமைத்து, செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, பட்டியலில் உள்ளதைச் சமைத்துப் பரிமாறவும் சொல்லி, மதிப்பெண்ணில் பாதியை உண்டு எழுந்த விருந்தினரின் கையில் கொடுத்துவிட வேண்டும். அலங்காரத்துக்கே பரிசென்று வைத்தால் பணமுள்ள வீட்டுப் பிள்ளை வெல்லும். உண்டவர் திருப்திக்கென்று வைத்தால் சிரத்தையுள்ள பிள்ளை வெல்லும்.

திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு வட்டாரத்துத் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் என் வேண்டுகோள் இது: வருகிற பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் இலை போடும் போட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். விருந்தினராக அதிகாரிகளை அழைக்க வேண்டாம். நாள் தவறாமல் உங்கள் பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைத்துத் தட்டில் போடுகிற அம்மாக்களை அன்று ஒரு நாள் இலைக்கு முன்னால் உட்காரச் சொல்லி, பிள்ளைகளைப் பரிமாறச் செய்யுங்கள். பரிசு யாருக்கு என்பதை அவர்களே சொல்லட்டும்.